உடைவதற்கு முந்தைய பத்து நிமிடம்

"ஆகஸ்ட் 9, வெள்ளி, மாலை 7.20. பெண், வயது 16. இடது புருவத்தின் மேல் வெட்டுக்காயம். மூன்று தையல். காரணம்: கதவு இடித்தது."

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் சிறிய மருத்துவமனை ஒன்றின் சீட்டு அது. நான் தமிழில் எடுத்து எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் என் மகள். நேரம், வயது, காயம், தையல் எல்லாவற்றுக்கும் என்னால் சாட்சி சொல்ல முடியும். காரணத்தை மட்டும் மருத்துவர் என்னைக் கேட்டு எழுதினார்.

பத்தொன்பது வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். தெருவை எப்போது தோண்டினார்கள், டிரான்ஸ்ஃபார்மர் எந்தக் கிழமை வெடித்தது என்று அக்கம்பக்கத்தார் என்னிடம்தான் கேட்பார்கள். பிறருடைய நாட்குறிப்புகளைப் படிப்பதிலும் எனக்குப் பெரிய ஆசை. அப்படி ஒன்றைப் படித்தபோது, "நாட்குறிப்பு எழுதுகிறவன் பொய் சொல்வது குறைவு, விட்டுவிடுவதே அதிகம்" என்று ஓரத்தில் பென்சிலால் குறித்திருக்கிறேன். என்னைப் பற்றி எழுதுகிறேன் என்று அப்போது தெரியாது.

மகள் பத்தாவது முடித்து, பதினொன்றாம் வகுப்புக்குச் சமமான பியூசியில் சேர்ந்தாள். ஜூன் மாதம் கல்லூரி திறந்த இரண்டாவது வாரமே படுக்கையை விட்டு எழ மறுத்தாள். வகுப்புக்குள் போனால் மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது என்று அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். என் நோட்டில் அந்த நாளுக்கு எதிரே ஒரே ஒரு சொல் இருக்கிறது: "சோம்பல்?" கேள்விக்குறி போட்டது என் நேர்மை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு வீடு உடையத் தொடங்கியது. குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

"ஜூன் 18, செவ்வாய், காலை 7.40. டிவி மேல் எவர்சில்வர் டம்ளரை எறிந்தாள். திரையின் கீழ் இடது மூலையில் விரிசல்."

"ஜூலை 3, புதன், மாலை 6.15. குக்கர் மூடி. சமையலறையில் இரண்டு டைல்ஸ் போச்சு."

"ஜூலை 21, ஞாயிறு, காலை 11.00. அம்மாவின் முன்னங்கையைக் கடித்தாள். பல் பதிந்த இடம் ஆறு."

"ஜூலை 30, செவ்வாய், மாலை 5.30. சுவரில் தலையை இடித்துக்கொண்டாள்."

இந்தக் கடைசிக் குறிப்பின் நாளில் நடந்தது இது. மகள் நெற்றியைச் சுவரில் மோதிக்கொண்டே இருந்தாள். என் மனைவி ஓடிப்போய்த் தன் உள்ளங்கையைச் சுவருக்கும் நெற்றிக்கும் நடுவில் வைத்தாள். அடுத்த நான்கைந்து இடியும் அந்தக் கையில் விழுந்தன. விரல் முட்டிகள் சுவரில் நசுங்கும் சத்தம் கேட்டது. மனைவி கையை எடுக்கவில்லை. "இடி, இடி, அம்மா கைதான்" என்று சொல்லிக்கொண்டே நின்றாள். நான் எதிரில் நின்று, "நிறுத்துறியா இல்லையா!" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டு வீட்டுக்காரர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "ஏனாயித்து சார், தினா தினா கலாட்டே?" என்று கன்னடத்தில் கேட்டார், தினம் தினம் என்ன ரகளை என்று.

"டிவி சவுண்டு" என்றேன். டிவி உடைந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

மறுநாள் அவள் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். உள்ளே பூட்டிக்கொண்டு ஏதாவது செய்துகொள்வாளோ என்ற பயம். பயம் உண்மை. ஆனால் அதன் பிறகு தட்டாமலே கதவைத் திறந்து பார்க்கும் பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. கால் மணிக்கு ஒருமுறை திறப்பேன்.

"இந்த வீட்ல பாத்ரூம் தவிர எனக்கு எங்கயுமே கதவு இல்லம்மா" என்று அவள் தன் அம்மாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது.

ஆகஸ்ட் 9 அன்று பொம்மசந்திரா தொழிற்சாலையில் வேலை முடிந்து பேருந்தில் வரும்போது கல்லூரியிலிருந்து தொலைபேசி வந்தது. இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்றார்கள். ஓசூர் ரோடு நெரிசலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டே அந்தக் கோபத்தை வளர்த்தேன். வீட்டுக்கு வந்து நேராக அவள் அறைக் கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை. கட்டிலை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தாள்.

"தொறடி!"

"போ நீ! போயிடு!"

தோளால் மோதினேன். இரண்டாவது மோதலில் கட்டில் பின்னுக்கு நகர்ந்தது. மூன்றாவதில் கதவு பாதி திறந்தது. அவள் அந்தப் பக்கமிருந்து முழு பலத்தோடு தள்ளினாள். என் கை இடுக்கில் மாட்டியது. கையை உருவிக்கொண்டு மறுபடியும் மோதினேன். அவள் என் சட்டையைப் பிடித்தாள், நான் அவள் தலைமுடியைப் பிடித்தேன், கதவு எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து வந்து போனது. பிறகு அவள் முகத்தில் ரத்தம். புருவத்திலிருந்து கண்ணுக்குள் இறங்கி, கன்னத்தில் வழிந்து, கழுத்துக்குப் போனது. அவள் அழவில்லை. ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

ஸ்கூட்டரில் அவளை நடுவில் வைத்து மனைவி பின்னால் உட்கார்ந்தாள். என் முதுகில் சட்டை நனைந்துகொண்டே வந்தது.

"எப்படி ஆச்சு?" என்றார் மருத்துவர்.

"கதவு இடிச்சிடுச்சு டாக்டர்" என்றேன்.

அவர் மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

மறுநாள் காலை என் மனைவியின் தங்கை கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வந்து மகளை அழைத்துக்கொண்டு போனாள். "அவரு இருக்கற வீட்டுக்கு நான் வரமாட்டேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். மனைவி என்னிடம், "அவ வரலன்னா நானும் அங்கதாங்க. பாத்துக்கோங்க" என்றாள். மிரட்டலாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசி களையப் போனாள்.

தொம்மலூரில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை தரும் ஒரு அம்மாள் இருப்பதை மனைவிதான் விசாரித்துக் கண்டுபிடித்தாள். ஆகஸ்ட் 17, சனிக்கிழமை மூவரும் வர வேண்டும், அதன் பிறகு எங்கே இருப்பது என்று பெண்ணே சொல்லட்டும் என்றார் அவர். குறிப்புகளை எல்லாம் ஒரு புது நோட்டில் சுத்தமாகப் படியெடுத்துக்கொண்டு போனேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் நிதானமாகப் படித்தார். ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"சார், உங்களுக்கு என்ன வேலை?"

"மெயின்டெனன்ஸ் மேடம். மெஷின் நின்னா பாக்கறது."

"நின்னா என்ன எழுதுவீங்க?"

"நின்ன நேரம், எந்த பார்ட்டு..."

"அவ்ளோதானா?"

"இல்ல மேடம். நிக்கறதுக்கு முன்னாடி யாரு ஓட்டினது, எவ்ளோ லோடு, என்ன சத்தம் வந்தது, கடைசியா யாரு கை வச்சது, எல்லாம் எழுதணும். இல்லன்னா மேல கையெழுத்து போட மாட்டாங்க."

நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "இதுல அதெல்லாம் எங்க சார்? எல்லாமே உடைஞ்சதுல இருந்துதானே ஆரம்பிக்குது? அதுக்கு முந்தின பத்து நிமிஷம் எங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மகள் கை நீட்டி நோட்டை எடுத்துக்கொண்டாள். புருவத்தில் பிளாஸ்திரி. பக்கத்தைத் தேடினாள்.

"ஜூன் பதினெட்டு, டம்ளர். அதுக்கு முன்னாடி நான் தூங்கறப்ப நீ ஒரு பக்கெட் தண்ணிய என் மேல ஊத்தின. பெட்டு, புக்கு எல்லாம் நனைஞ்சுது. அத எழுதல."

"பக்கெட் இல்ல. சொம்பு."

"ஓ, சொம்பு. எழுதிக்கோங்க மேடம், சொம்பு." அடுத்த பக்கம். "ஜூலை மூணு, குக்கர் மூடி. என் போன அம்மிக் கல்லு மேல வச்சு சுத்தியால அடிச்ச. நாலு அடி. நான் கெஞ்ச கெஞ்ச அடிச்ச."

"அது ரெண்டாம் தேதி" என்றேன்.

மகள் சிரித்தாள். இரண்டு மாதத்தில் அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"பாத்தீங்களா மேடம்? இவருக்கு தேதிதான் வலிக்கும்."

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஜூலை இருபத்தொண்ணு, அம்மாவ கடிச்சது. நீ என் ரெண்டு கையையும் பின்னாடி முறுக்கிப் புடிச்சிருந்த. அம்மா முன்னாடி நின்னு 'அடங்குடி, அடங்குடி'ன்னாங்க. எனக்கு வாய் மட்டும்தான் மிச்சம் இருந்துது." தன் அம்மாவைப் பார்த்தாள். "ஸாரிம்மா."

ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. மறந்திருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம். சொம்பின் அளவுவரை ஞாபகம் வைத்துக்கொண்டுதான் எழுதாமல் விட்டிருக்கிறேன்.

"ஆகஸ்ட் ஒம்பது?" என்று கேட்டார் ஆலோசகர்.

மகள் பிளாஸ்திரியை விரலால் தொட்டாள். "அதுலதான் எழுதியிருக்கே, கதவுன்னு." என்னைப் பார்த்துச் சொன்னாள். நோட்டை மூடினாள்.

வீட்டுக்கு வர ஒரே நிபந்தனை வைத்தாள். "என் ரூமுக்கு தாப்பா வேணும்."

"மேடம், உள்ள ஏதாவது பண்ணிக்கிட்டா?" என்றேன்.

ஆலோசகர் என்னிடம் பேசாமல் அவளிடமே கேட்டார், சுற்றி வளைக்காமல். சாகணும்னு தோணுதா? அவளும் நேராகச் சொன்னாள்: "இப்ப இல்ல. முன்ன தோணிச்சு. திரும்ப வந்தா அம்மாகிட்ட சொல்றேன். இவருகிட்ட இல்ல." அன்றே மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க ஏற்பாடு ஆனது. மாத்திரை தொடங்கியது. தாழ்ப்பாளுக்கு ஒரு சமரசம் செய்துகொண்டோம்: உள்ளே பூட்டலாம், ஆபத்து என்றால் மட்டும் வெளியிலிருந்து நாணயத்தை வைத்துத் திருப்பித் திறக்கலாம். அந்த நாணயம் என் மனைவியிடம் இருக்கும்.

அடுத்த வார ஞாயிறு, ஆகஸ்ட் 25, காலையில் தாழ்ப்பாளைப் பொருத்தினேன். மாலையில் மகள் வந்தாள். பையை வைத்தாள், கதவைச் சாத்தினாள், தாழ்ப்பாள் விழுந்தது. திரும்பத் திறந்தாள். மறுபடி போட்டாள். சரியாக வேலை செய்கிறதா என்று சோதித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத மாட்டேன். செப்டம்பர் 5, வியாழன் குறிப்பு இது. முதல்முறையாகப் பத்து நிமிடம் முன்னால் இருந்து தொடங்கியது:

"6.30. சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் கல்லூரிப் பேச்சை எடுத்தேன். வேண்டாம் என்றாள். இரண்டாம் முறையும் எடுத்தேன். குரலை உயர்த்தினேன். 6.40. தட்டை எறிந்தாள். என் காறையெலும்பில் பட்டது."

தட்டின் விளிம்பு பட்ட இடத்தில் எலும்பு வரை வலித்தது. கை தானாக மேலே எழுந்தது. அதை நான் பார்த்தேன். பால்கனிக்குப் போய் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவள் பின்னாலேயே வந்தாள்.

"அடி! அடிச்சுதான் பாரேன்! ஏன், கை இல்லையா இப்போ?" முதுகில் குத்தினாள். மறுபடியும் குத்தினாள். நான் கம்பியை விடவில்லை. என் உள்ளங்கையில் கம்பியின் வரிகள் பதிந்து ரத்தம் கட்டின. கடைசியில் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். மனைவி நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்தாள்.

"இருக்கியாம்மா?"

கொஞ்ச நேரம் கழித்து, "இருக்கேன்" என்று வந்தது.

நாணயம் இதுவரை பயன்படவில்லை.

பழைய குறிப்புகள் அனைத்துக்கும் முந்தைய பத்து நிமிடத்தைச் சேர்த்துவிட்டேன். சொம்பு, சுத்தியல், முறுக்கிய கை, எல்லாம் இப்போது நோட்டில் இருக்கின்றன. மகள் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தியும் கொடுத்தாள். ஆகஸ்ட் 9 மட்டும் முடியவில்லை. தொலைபேசி, பேருந்து, கட்டில், நான்கு மோதல் எல்லாம் எழுதினேன். ரத்தம் வந்த அந்த நொடி காலியாக இருக்கிறது. மனைவி அப்போது சமையலறையில் இருந்தாள், வந்தபோது ரத்தத்தைத்தான் பார்த்தாள்.

மகளிடமே கேட்டுவிட்டேன். "கதவா, என் கையா? நெஜத்த சொல்லு."

"கதவுன்னு நீதான டாக்டர்கிட்ட சொன்ன" என்றாள். "நீயே கண்டுபிடி."

டேப் எடுத்து அளந்தேன். அவள் புருவத்தின் உயரத்தில் கதவின் விளிம்பு மழுங்கலாக இருக்கிறது, மரம் மட்டும்தான். காயம் கத்தியால் கீறியதுபோல நேராக இருந்தது. என் கல்யாண மோதிரத்தின் முகப்பு சதுரம், விளிம்பு கூர்மை. தொழிற்சாலையில் இயந்திரத்தருகே மோதிரம் போடக்கூடாது. காலையில் கழற்றிச் சாப்பாட்டுப் பையின் ஜிப்புக்குள் போட்டுவிடுவேன். திரும்பும்போது பேருந்தில் போட்டுக்கொள்வேன். சில நாள் மறந்து, வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகுதான் போடுவேன். அன்று கைகால் கழுவவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி, மாலை ஏழு மணி வாக்கில் மோதிரம் என் விரலில் இருந்ததா, பைக்குள் இருந்ததா என்பது இந்தக் குறிப்பை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.