மணலுக்குள் மூடிய பிள்ளை

வன்னியில் போர் முடிந்துகொண்டிருந்த நாட்கள். டென்மார்க்கின் ஹேர்னிங் நகரில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓடியது. செல் எனும் எறிகணைகள் விழுவதையும், சனம் பங்கர் எனும் பதுங்குகுழிகளுக்குள் ஓடுவதையும் ஆறு வயது மகளும் பக்கத்தில் இருந்து பார்த்தாள்.

சனிக்கிழமை நான் தமிழ் படிப்பிக்கும் பள்ளி முற்றத்தில், அவள் ஒரு பையனை மணல் குழிக்குள் தள்ளி முகம்வரை மூடிவிட்டாள். மூச்சுத் திணறியவனை ஓடிப்போய் இழுத்தெடுத்தோம்.

"உம்மட பிள்ளை என்ர பெடியனைக் கொல்லப் பாத்தவள். நீர் எங்கட பிள்ளையளுக்குப் படிப்பிக்கிறீரோ?" என்று அவன் தாய் கத்தினார்.

"வாயை அடக்கிக் கதையும்!" என்று நானும் பாய்ந்தேன்.

மகள் டெனிஷில் அழுதாள்: "செல் வருது அம்மா. பங்கருக்குள்ள இருந்தால்தானே அவன் தப்புவான்?"

முருகன் அருளால் பையன் பிழைத்தான். இப்போது மகள் உறங்கிய பிறகே செய்தி பார்க்கிறோம். மாலையில் விளக்கேற்றி அவளோடு தேவாரம் பாடும்போது அந்தப் பையனுக்காகவும் கும்பிடுகிறோம். அவன் தாயோ, என்னைக் கண்டால் இன்றும் வீதியின் மறுபக்கம் போகிறார்.