இல்லாத கீபோர்டில் எஃப் ஒன்

கீபோர்டைக் காணோம் என்று திரையில் எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே தொடர்வதற்கு எஃப் ஒன்னை அமுக்கச் சொல்லும் எங்கள் கம்ப்யூட்டர். இல்லாத கீபோர்டில் எந்த எஃப் ஒன்னை அமுக்குவது? இதை எழுதியவன் முட்டாள் என்று ஐந்தாம் வகுப்பில் முடிவு செய்தேன். இன்றும் அந்த முடிவை மாற்றிக்கொள்ளவில்லை.

தொண்ணூறுகளில் பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். அப்பா கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் டியூஷன் பிள்ளைகளுக்குப் பரீட்சை வைப்பார். கேள்வித்தாள் அடிப்பதற்காகவே, எங்கோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்தார். அம்மா பழைய புடவையில் அதற்கு உறை தைத்தாள். அந்த அறைக்குள் செருப்பு கூடாது, ஈரக்கை கூடாது, நான் கூடவே கூடாது.

சித்தப்பாவும் எங்களோடு இருந்தார். கிண்டியில் அவர் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். தாம்பரத்தில் ஒரு சென்டரில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டே வேலை தேடினார். தேடிக் கிழித்தது போதும், செங்கல்பட்டில் மாமாவின் அரிசிக் கடைக்குப் போ என்பார் அப்பா. அதைச் சாப்பிடும்போதுதான் சொல்வார். ஒருவன் வாயில் சோறு இருக்கும்போது அவனைத் திட்டுவது கேவலம். சித்தப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே "சரிண்ணா" என்பார். மோருக்கு உட்காராமல் ரசத்தோடு எழுந்துவிடுவார். அவருக்கு அரிசிக் கடை பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால் மட்டும் கதை வேறு. "டேய், கொஞ்சம் வந்து பாருடா" என்று அப்பாவின் குரல் இறங்கிவிடும். சித்தப்பா வந்து ஸ்க்ரூக்களைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே ஊதுவார். என்னிடம் ரப்பர் வாங்கி, ரேம் என்ற சின்னப் பலகையின் மஞ்சள் விளிம்பைத் தேய்ப்பார். அப்பா டார்ச் பிடிப்பார். ரேம் எதற்கு என்று கேட்பார். சித்தப்பா விளக்கமாகச் சொல்ல, அப்பா நல்ல மாணவன் மாதிரித் தலையாட்டுவார். அண்ணனும் தம்பியும் அவ்வளவு பேசி வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. அன்று மத்தியானம் சித்தப்பா மோர் சாதம் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்.

எனக்கு ஒன்று விளங்கவில்லை. கீபோர்டைக் காணோம் என்கிறது திரை. இவர் ஏன் ரேமைத் தேய்க்கிறார்? ஒருநாள் மேஜைக்கு அடியில் புகுந்து பார்த்தேன். கீபோர்டின் வட்டமான பிளக் பின்பக்கம் பாதி கழன்று தொங்கியது. சித்தப்பா வந்ததும் முதல் காரியமாக அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். அதோடு வேலை முடிந்தது. மற்றபடி ஸ்க்ரூ, டார்ச், என் ரப்பர் எல்லாம் வெறும் படம்.

அப்படியானால் பிளக்கைப் பிடுங்குவதும் இவர்தான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பீரோவுக்குப் பின்னால் நின்றேன். அந்த வாரம் வீடே சரியில்லை. மறுநாள் செங்கல்பட்டு மாமா வந்து சித்தப்பாவைக் கையோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. பெட்டி கூடத்தில் தயாராக இருந்தது.

சித்தப்பா வரவில்லை. துணியோடு அம்மா வந்தாள். உறையை எடுத்தாள், திரையைத் துடைத்தாள், கையைப் பின்னால் விட்டுப் பிளக்கைப் பிடுங்கினாள். திரும்பியவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நீதான் பிடுங்கறியாம்மா?"

"துடைக்கறப்ப கழண்டுக்குது."

"நான் சொருகிடறேன்."

"கைய வச்சே, முட்டியப் பேத்துடுவேன். அது உங்க சித்தப்பா வேலை."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா மாவரைக்கப் போனதும் பிளக்கை அழுத்திச் செருகி, இனி யார் இழுத்தாலும் வராதபடி செல்லோடேப்பைச் சுற்றி ஒட்டினேன்.

காலையில் மாமா வந்து கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா சட்டை மாற்றிக்கொண்டு பெட்டி பக்கத்தில் நின்றார். அப்பா கேள்வித்தாள் எடுக்க உள்ளே போனார். நான் கதவோரம் நின்று பார்த்தேன். கம்ப்யூட்டர் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. கூப்பிட்டுப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அணைத்தார். குனிந்து பின்பக்கம் தடவினார். டேப் கையில் பட்டது. நகத்தால் உரித்து, உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பிளக்கை வெளியே இழுத்தார். மறுபடி ஸ்விட்சைப் போட்டுவிட்டுக் கூடம் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினார்.

"டேய், இங்க வாடா. மறுபடி அந்த ரேம் மக்கர் பண்ணுது."

சித்தப்பா ஓடிவந்தார். அப்பா வாசற்படியில் நின்று மாமாவிடம், "பாருங்க மச்சான், இவன் இல்லாம இந்த எழவ நான் எப்படி ஓட்டறது? கொஞ்ச நாள் இங்கயே இருக்கட்டும்" என்றார். மாமா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதற்கு என்னை ஏன் வரவழைத்தீர்கள் என்று முணுமுணுத்தார். நியாயமான கேள்வி. அம்மா அவருக்கு இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள்.

அப்பா டார்ச்சை எடுத்தார். சித்தப்பா என்னிடம் ரப்பர் கேட்டுக் கையை நீட்டினார். தர மாட்டேன் என்றேன். மாடியில் பிள்ளைகள் கேள்வித்தாளுக்காக உட்கார்ந்திருக்க, நன்றாக ஓடிய பொருளை மூன்று பெரியவர்கள் சேர்ந்து கெடுத்து வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் கம்ப்யூட்டரைப் பற்றி உருப்படியாகத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டேன்.