ஒரு கரண்டி பிளீச்சிங் பவுடர்

அப்பா காலையில் எழுந்ததும் சாமி படத்தையும் பார்க்க மாட்டார், அம்மா முகத்தையும் பார்க்க மாட்டார். நேரே போய் மீன்களைத்தான் பார்ப்பார். அம்மா இதை வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் ஒரு குறையாகச் சொல்லிவைத்திருந்தாள். அந்தக் குறையில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது அவள் சொல்லுகிற விதத்திலேயே தெரியும்.

அப்பா குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆபரேட்டர். ஏரலிலிருந்து ஆத்தூர் போகிற வழியில், ஆற்றை ஒட்டி, வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருந்த சின்ன நிலையம் அது. காம்பவுண்டுக்குள்ளேயே எங்களுக்கு வீடு. மோட்டார் ஆற்றிலிருந்து இழுத்து வரும் தண்ணீரில் படிகாரம் கலந்து, தெளியவைத்து, மணல் படுகைகளில் வடிகட்டி, கடைசியாகப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துக் குளோரின் சேர்த்துக் கடற்கரையோரத்து ஊர் ஒன்றுக்கு அனுப்புவார்கள். அந்த ஊரில் எங்கே போர் போட்டாலும் உப்புத் தண்ணீர்தான். குடிக்கவும் சமைக்கவும் அவர்களுக்கு எங்கள் குழாயை விட்டால் வேறு வழியில்லை. அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருந்தாள்.

வடிகட்டும் கட்டடத்தின் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் ஐந்து கெண்டைக் குஞ்சுகள். வடிகட்டி முடித்த, குளோரின் இன்னும் சேராத தண்ணீர் ஒரு மெல்லிய குழாய் வழியாக எந்நேரமும் அதில் விழுந்து, மறுபக்கம் வழிந்து வெளியே போய்க்கொண்டிருக்கும். தண்ணீரில் விஷம் ஏதாவது கலந்தால் மீன்களிடம் முதலில் தெரிந்துவிடும் என்று, முன்பு இருந்த ஒரு இன்ஜினியர் செய்துவிட்டுப் போன ஏற்பாடு. வாழைக்கு மருந்து அடித்த டின்களைச் சிலர் ஆற்றில் கழுவுவார்கள். அப்பாவுக்கு எப்போதும் அந்தப் பயம்தான். லேபுக்கு வாரத்துக்கு ஒரு தடவைதான் தண்ணீர் போகும். மீன்கள் ஞாயிற்றுக்கிழமையும் வேலை பார்த்தன.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பிளீச்சிங் பவுடர் போட்டால் தண்ணீரில் உள்ள கிருமியெல்லாம் செத்துவிடும், எப்பேர்ப்பட்ட தண்ணீரும் நல்ல தண்ணீராகிவிடும் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் மருந்து போட்ட தண்ணீர் போகிறது, கூடவே இருக்கும் மீன்களுக்கு மட்டும் மருந்தில்லாத தண்ணீரா என்று எனக்கு ரொம்ப நாளாக மனத்தாங்கல். தொட்டியின் கண்ணாடியில் பாசி வேறு படிந்திருந்தது.

ஒருநாள் சாயங்காலம் அப்பா, தண்ணீரைக் கீழிருந்து மேலாக ஏற்றி மணல் படுகையைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் யார் வந்தாலும் போனாலும் அவருக்குக் கேட்காது. நான் அடுக்களையிலிருந்து கரண்டியை எடுத்துப் போய், மூட்டையிலிருந்து ஒரு கரண்டி பவுடரை அள்ளித் தொட்டியில் போட்டேன். தண்ணீர் கொஞ்ச நேரம் கஞ்சி நிறத்தில் கலங்கியது. கரண்டியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்துவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் மோட்டார் நின்றது. எங்கள் வீட்டில் மோட்டார் ஓடினால் தூங்குவோம், நின்றால் விழித்துக்கொள்வோம். நானும் அம்மாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, அப்பா ஊருக்குப் போகும் பெரிய வால்வின் சக்கரத்தை முழுக்கச் சுற்றி மூடியிருந்தார். போனில் ஊரிலுள்ள வால்வுக்காரரைப் பிடித்து, மேல்நிலைத் தொட்டியில் நிற்கிற தண்ணீரையும் தெருவுக்குத் திறந்துவிட வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். பிறகு தன் மேலதிகாரியான இன்ஜினியர், ஜே.ஈ. சாரைக் கூப்பிட்டார். "ஆமா சார், அஞ்சும்" என்றார். "இல்ல சார், ஒண்ணுகூட மிஞ்சல" என்றார். அஞ்சு மீனுக்காக ஒரு ஊர்த் தண்ணீரை நிறுத்துவதா, யாரைக் கேட்டு மூடினீர் என்று அந்தப் பக்கம் போட்ட சத்தம் எங்களுக்கே கேட்டது.

நான் ஜன்னலோரம் போனேன். ஐந்து மீன்களும் வயிற்றைக் காட்டி மிதந்தன. பாவம், ஏற்கெனவே உடம்புக்கு முடியாமல் இருந்திருக்கின்றன, நாம் மருந்து போட்டதுதான் தாமதமாகிவிட்டது என்று நினைத்து எனக்கு அழுகை வந்தது.

அப்பா தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும். ஆகவில்லை. அம்மா, குளோரின் பட்டுச் செத்திருக்குமோ என்று கேட்டாள்.

"குளோரின்னா மீன் தாங்காது, கொஞ்சம் பட்டாலே போயிரும். ஆனா அது சேருததுக்கு முன்னாலயே இந்தக் குழாய் பிரியுது. இங்கன எப்படி வரும்?" என்றார் அப்பா.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. குளோரின் இருப்பது பிளீச்சிங் பவுடரில்தான்; மீன்களைக் கொன்றது நான்தான். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, வயிற்றை வலிக்கிறது என்றேன். அது பொய்யில்லை.

வாட்ச்மேன் அண்ணாச்சி தண்ணீர் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு மொபெட்டில் தூத்துக்குடி லேபுக்குப் புறப்பட்டார். முடிவு தெரியச் சாயங்காலம் ஆகிவிடும். அவர் போன கொஞ்ச நேரத்தில் சித்தியிடமிருந்து போன். அன்று அவள் குழந்தைக்குப் பேர் வைக்கிற நாள். பந்திக்கு ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், குழாயில் காற்றுதான் வருகிறது என்று அழாத குறையாகச் சொன்னாள். அம்மா அப்பாவிடம் போய், ஒரு அரைமணி நேரம் மட்டும் திறந்துவிடக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பச்சப்பிள்ளைய நெனச்சுத்தான் முதல்ல பயப்படுதேன்" என்றார் அப்பா.

பத்து மணி வாக்கில் ஒரு லோடு ஆட்டோ வந்து கேட்டுக்கு வெளியே நின்றது. அது நிறையக் காலிக் குடங்களும் பெண்களும். கூட நாலைந்து ஆண்களும் பைக்கில் வந்திருந்தார்கள். ஒருவர் கேட்டைப் பிடித்து உலுக்கி, நீ திறக்காவிட்டால் நாங்களே உள்ளே வந்து திறந்துகொள்வோம் என்று கத்தினார். அப்பா அதற்கெல்லாம் அசையவில்லை. அவரைத் தடுமாறவைத்தது ஒரு பெண் சொன்னதுதான்.

"அண்ணாச்சி, நீங்க மூடினா காரணம் இருக்கும். எப்பத் திறப்பியன்னு மட்டும் சொல்லுங்க. எங்க வீட்டுல ஒரு ஆளு படுக்கையில கெடக்காவ, தொடைச்சிவிடக்கூடத் தண்ணி இல்ல."

அப்பா கைகளைக் கூப்பினார். அவர் யாரையும் அப்படிக் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

ஜே.ஈ. சார் ஜீப்பில் வந்து, லாரியில் தண்ணீர் அனுப்புவதாகச் சொல்லி அவர்களைத் திருப்பி அனுப்பினார். பிறகு அப்பாவை உள்ளே அழைத்துக்கொண்டு போனார். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். "சாயங்காலம் ரிசல்ட் நல்லா வந்துதுன்னா நீருதான்யா எல்லாத்துக்கும் பதில் சொல்லணும்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்த அப்பாவின் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது.

ஜீப் போனதும் படிகார மூட்டைகள் அடுக்கியிருந்த இடத்துக்கு அவர் பின்னாலேயே போய், நான்தான் பிளீச்சிங் பவுடர் போட்டேன் என்று சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா என் எதிரே குந்தி உட்கார்ந்திருந்தார்.

"எத்தன கரண்டி?"

"ஒண்ணு."

"எந்தக் கரண்டி?"

"கொழம்புக் கரண்டி."

எத்தனை மணிக்கு, மூட்டையின் மேலிருந்து எடுத்தேனா அடியிலிருந்தா, போட்டதும் மீன்கள் எப்படி இருந்தன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரிஜிஸ்டரில் எழுதுவதற்குக் கேட்பது மாதிரியே இருந்தது. பிறகு எழுந்து போய்த் தொட்டித் தண்ணீரை மறுபடி சோதித்தார். மறுபடியும் மஞ்சளாகவில்லை. ராத்திரி முழுக்கத் தண்ணீர் விழுந்து வழிந்ததில் நான் போட்டது எல்லாம் அடித்துக்கொண்டு போயிருந்தது.

எனக்கு மனசு லேசாகிவிட்டது. இதோ இப்போது வால்வைத் திறந்துவிடுவார், சித்தி வீட்டுக்குத் தண்ணீர் போய்விடும், எனக்கு ராத்திரி அடி விழும், அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். அப்பா வால்வுப் பக்கம் போகவே இல்லை. அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "அதான் பிள்ளையே சொல்லுதால்லா. இன்னும் என்னத்துக்கு மூடி வச்சிருக்கிய?" என்றாள்.

"இவ போட்டது நெசம். அதனாலதான் செத்துச்சா, அதே நேரத்துல ஆத்துலயும் ஏதாவது வந்துச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினார். துண்டை விரித்துப் பிடித்து, வெகுநேரம் அலைந்து, ஐந்து கெண்டைக் குஞ்சுகளை வாளியில் கொண்டுவந்தார். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, படுகையில் வடிந்து நின்ற அதே தண்ணீரை மெல்லிய குழாய் வழியாக நிரப்பி, அவற்றை அதில் விட்டார். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துவிட்டார். நான் தரையில் உட்கார்ந்தேன். யாரும் சாப்பிடவில்லை.

ஒரு மீன் அசையாமல் நின்றால் எனக்கு மூச்சு நின்றுவிடும். செவுள் அசைவதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வரும். எங்கள் சாமி எல்லோரையும் கும்பிட்டு முடித்து, போதாதென்று கடற்கரை மாதா கோயிலுக்கும் காயல்பட்டினத்துப் பள்ளிவாசலுக்கும் நேர்ந்துகொண்டேன். இரண்டு மணிக்கு மேல் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. கொஞ்ச நேரம் நிமிரப் பார்த்தது. பிறகு மிதந்துவிட்டது. துண்டில் பிடிக்கும்போது அடிபட்டிருக்கும் என்று அப்பா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு, அதை நம்பாதவர் மாதிரி மற்ற நான்கையும் இன்னும் குனிந்து பார்த்தார். அம்மாவின் கையிலிருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. சித்திதான். அம்மா எடுக்கவில்லை.

மூன்று மணி, நான்கு மணி. நான்கு மீன்களும் நீந்திக்கொண்டிருந்தன. வெயில் சாய்ந்த பிறகு வாட்ச்மேன் அண்ணாச்சி லேப் வாசலிலிருந்து கூப்பிட்டார். தண்ணீரில் ஒன்றுமில்லை. அப்பா சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தார். மோட்டாரைப் போட்டுவிட்டு வால்வுச் சக்கரத்தைச் சுற்றினார். பாதி சுற்றியதும் நிறுத்தி, தோளில் கிடந்த துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு, மீதியையும் சுற்றினார். குழாய்க்குள் தண்ணீர் புறப்படும் சத்தம் கேட்டது.

மறுநாள் அப்பாவுக்கு மெமோ வந்தது. மீன் செத்த காரணத்தை விசாரித்தபோது பிளீச்சிங் பவுடர் விழுந்திருக்கிறது, தன் கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சித்தி ரொம்ப நாள் எங்களோடு பேசவில்லை. பிளீச்சிங் மூட்டைகள் இருந்த அறைக்குப் பூட்டு வந்தது. எனக்கு அடி மட்டும் கடைசிவரை விழவில்லை. அதுதான் என்னைப் படாத பாடு படுத்தியது. நான் சொன்னதை அப்பா நம்பவில்லை, அதனால்தான் அடிக்கவும் இல்லை, வால்வைத் திறக்கவும் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். அவ்வளவு பயத்தையும் அடக்கிக்கொண்டு ஒரு உண்மையைச் சொன்னோமே, அதற்கு ஒரு மதிப்பும் இல்லையே என்று அவரோடு பேசாமல் இருந்தேன். நாலைந்து நாள் கழித்து, புதிய மீன்களுக்கு அவர் பொரி போட்டுக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன்.

"அப்பா, நான் பொய் சொல்லல."

"தெரியும்ளா. நீ சொன்ன ஒடனேயே தெரியும்."

"பெறவு ஏன் திறக்கல?"

அப்பா இன்னொரு பிடி பொரியைத் தண்ணீரில் தூவினார்.

"நீ சொன்னதும் எனக்கு ஓடிப்போய்த் திறந்திரணும்னு அவ்வளவு ஆசையா இருந்துச்சு. அதான் திறக்கல."

பெரியவர்கள் பதில் தெரியாதபோது இப்படித்தான் எதையாவது சொல்லி மழுப்புவார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போய்விட்டேன்.