பகிடிப் பொத்தான்

சனிக்கிழமை காலையில் பிள்ளைகள் இருவரையும் தமிழ் வகுப்பில் இறக்கிவிட்டால் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் கிடைக்கும். தூரத்தில் ரூஜ் பக்கம் இருக்கிற வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பாதி நேரம் போய்விடும். அதனால் வகுப்புக்கு எதிரே உள்ள பிளாசாக் கடைத்தொகுதியில் எங்கள் வான் வண்டியை நிறுத்திவிட்டு அங்கேயே இருந்துவிடுவோம். மற்றப் பெற்றோர் மரக்கறி வாங்குவார்கள், கோப்பி குடிப்பார்கள், அரசியல் கதைப்பார்கள். நானும் என் கணவரும் வானுக்குள் இருந்து லப்டொப்பில் வயது வந்தவர்களுக்கான, சிரிக்கவைக்கிற பகிடி விளையாட்டு விளையாடுகிறோம். சொன்னால் சொன்னதுதான். நாற்பத்தாறு வயதில் இனி யாரிடம் எனக்கு வெட்கம்?

விசுவல் நாவல் என்று அதற்குப் பெயர். ஒரு படம் நிற்கும், கீழே வசனம் வரும், கிளிக் பண்ணினால் அடுத்தது. இடைக்கிடை மூன்று பொத்தான்கள் வந்து, இப்போது என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கும். நாங்கள் விளையாடுவதெல்லாம் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிகிற குட்டிகள். நீளமானவையும் இருக்கின்றனவாம், நான் தொடமாட்டேன். ஒரு முத்தத்துக்காக அறுபது மணித்தியாலம் கிளிக் பண்ண எனக்கென்ன விசரா?

ஆனால் இதை முதலில் கண்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் காரணம் உண்டு.

அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன் எனக்குக் கருப்பையை எடுத்திருந்தார்கள். நான் ஆறுதலாகப் படுக்கட்டும் என்று அவர் நிலத்துக்குக் கீழே உள்ள பேஸ்மென்ற் அறைக்கு மாறினார். ஆறு கிழமைக்கென்று போனவர் திரும்பி மேலே வரவேயில்லை. மற்றபடி ஒரு குறையும் சொல்ல ஏலாது. சமைப்பார், பனி வழிப்பார், நான் வேலை செய்கிற பல் வைத்தியரிடத்தில் கொண்டுபோய் இறக்குவார். என் உடம்பில் ஏதோ குறைந்துவிட்டது, அதுதான் மனுசனுக்கு என்னில் மனம் விட்டுப்போய்விட்டது என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். வாய் திறந்து கேட்டு, அவர் ஓம் என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன செய்வது? அந்தப் பயத்தில் நான் கேட்கவில்லை.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் தமிழ் வகுப்புப் படிவத்தைத் தேடி அவருடைய லப்டொப்பைத் திறந்தேன். ஒரு மூலையில், குளிர்காலக் கோட் போட்ட பெண்ணொருத்தியின் சின்னப் படம் இருந்தது. அழுத்தினேன். பதினெட்டு வயதுக்கு மேலா என்று கேட்டது. இரண்டு பிள்ளை பெற்றவளிடம் கேட்கிற கேள்வி. முகப்பில் தொடங்கு, தொடர் என்பவற்றுக்குக் கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு பொத்தான் இருந்தது. ‘இதைத் தற்செயலாகக் கண்டுபிடித்த வாழ்க்கைத் துணை நான்.’

அதை அழுத்தினேன். படத்தில் இருந்தவள் நிமிர்ந்து நின்றாள். வாருங்கள், உங்களிடம் பொய் சொல்லமாட்டேன் என்று தொடங்கினாள். உங்கள் ஆள் ஏழு தரம் வந்தார், ஒவ்வொரு தரமும் பகிடி விட்டுவிட்டுப் போய்விட்டார், நான் இன்னும் போட்ட கோட்டைக்கூடக் கழற்றவில்லை, மிச்சக் கதையைச் சிரமப்பட்டு எழுதியவர்களுக்குத்தான் மனவருத்தம் என்றாள். அதற்குப் பிறகு கோபத்தைப் பிடித்து வைத்திருக்க என்னால் முடியவில்லை. குசினி மேசையில் தனியே இருந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன்.

அன்றைக்கே அதை முழுதாக விளையாடி முடித்தேன். பனிப்புயலில் பூட்டிப்போன தளபாடக் கடைக்குள் விற்பனைக்காரியான அந்தக் கோட்டுப் பெண்ணும் ஒரு வாடிக்கையாளரும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். இருவருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. சுற்றிவர முப்பது கட்டில். இந்தக் கதையை இதற்கு முன் ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள் என்று அவளே ஒத்துக்கொள்கிறாள். படம் கீறினவருக்குக் கை வரைய வராது, அதனால்தான் எல்லோரும் கையைப் பொக்கற்றுக்குள் வைத்திருக்கிறோம் என்றும் சொல்லிவிடுகிறாள். கடைசியில் இருவரும் ஒரு கட்டிலுக்கு வருகிறார்கள். நான் பார்த்த படங்களில் இந்த இடம் வந்தால் ஆட்கள் ஒன்றில் அழுவார்கள், இல்லாவிட்டால் மூச்சு வாங்குவார்கள். இதில் அவளுக்குக் காலில் நரம்பு பிடித்து இழுக்க, இருவரும் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் காலைத் தேய்க்கிறார்கள். எனக்குத் தெரிந்த கட்டில் வாழ்க்கை அதுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அவரில் ஆசையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

வந்த சனிக்கிழமை லப்டொப்பைப் பையில் வைத்துக்கொண்டு போனேன். வானுக்குள் ஹீற்றரைப் போட்டு, அவர் மடியில் அதைத் திறந்து வைத்தேன். மனுசனின் முகம் வெளிறிப்போனது. உது வேலையிடத்தில் ஒருத்தர் ஏற்றித் தந்தது, சும்மா பகிடிக்கு என்று இழுத்தார். விளக்கம் வேண்டாம், விளையாடுங்கோ, நானும் பார்க்கிறன் என்றேன்.

முதலில் விறைத்துப்போய் இருந்தார். கை கீறத் தெரியாத கதை வந்ததும் அவருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டிருக்க யாரோ கண்ணாடியில் தட்டினார்கள். எங்கள் கோயில் பூசைக்கு வருகிற அன்ரி ஒருவர். இவர் படாரென்று லப்டொப்பை மூடினார். அன்ரி சுகம் விசாரித்துவிட்டு, புருசன் பெண்சாதி எண்டால் உப்பிடித்தான் சிரிச்சுக்கொண்டு இருக்கவேணும் என்று சொல்லிப் போனார். பேஸ்மென்ற் அறையைப் பற்றி அன்ரிக்கு என்ன தெரியும்.

திரும்பத் திறந்தோம். மூன்று பொத்தான்கள் வந்தன. கிட்டப் போ. பகிடி விடு. அவளுக்கு விருப்பமா என்று கேள். அவருடைய விரல் நேரே இரண்டாவதற்குப் போனது. அடுத்த தரமும் இரண்டாவது. மூன்றாம் தரமும் அதையே அழுத்தியபோது, அந்தப் பெண் கதையை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். இது பத்தாவது பகிடி, எல்லாம் நல்ல பகிடிதான், ஆனால் உங்களுக்கு என்ன பயம் என்று கேட்டாள். பதில் எழுத ஒரு வெற்றுப் பெட்டி திறந்தது.

அவர் எழுதவில்லை. வானின் முன்கண்ணாடியைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்.

“உமக்கு நோகுமெண்டு பயம். ஆஸ்பத்திரியில நீர் கிடந்த கிடையைப் பாத்தனான். கை வைக்கவே பயமாக் கிடந்தது. பிறகு நாள் போகப் போக, எப்பிடிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை.”

எனக்கு முதலில் வந்தது கண்ணீர் இல்லை, கோபம். இரண்டு வருஷம். வைத்து வாங்கினேன். ஊர் முழுக்கப் பகிடி விடத் தெரிந்தவருக்குக் கட்டின மனுசியிடம் ஒரு கேள்வி கேட்கத் தெரியாதா, லிஃப்ட் திருத்தப் போகிற இடத்தில் நிலத்துக்கும் கூரைக்கும் நடுவில் தொங்கிக்கொண்டு நிற்கப் பயமில்லை, என்னிடம் வரத்தான் பயமா என்று கத்தினேன். பக்கத்து வானில் இருந்தவர் ரேடியோவைக் குறைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும். கத்தி ஓய்ந்த பிறகுதான் என்னுடையதும் வெளியே வந்தது.

“நான் நினைச்சன், உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லை எண்டு.”

அவர் அடி வாங்கியவர் மாதிரித் திரும்பினார். இரண்டு வருஷமும் நான் எதை நினைத்துக்கொண்டு மேலே தனியே படுத்திருந்தேன் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கண் கலங்கிவிட்டது. வகுப்பு முடிய இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. அவர் லப்டொப்பை மூடிப் பின்சீற்றில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார். வழக்கம்போலப் பகிடி ஏதும் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை.

“இண்டைக்கு மேல வரட்டே?” என்று கேட்டார்.

“வாங்கோ,” என்றேன். “எனக்கு நோவெல்லாம் மாறிக் கனகாலம்.”