ஓர் ஆள் நுழையும் இடைவெளி

எங்கள் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில், மின்சார மீட்டர்ப் பெட்டிகளுக்குக் கீழே இருக்கும் சிமெண்ட் மேடையில் ஒரு செருப்பு இருக்கிறது. இடது கால் செருப்பு. சாதாரண ரப்பர் செருப்புதான். நீல வார், குதிகால் பக்கம் தேய்ந்து ஓட்டை விழுந்திருக்கிறது. அறுந்த வாரை அடியில் ஓர் ஊக்கு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஊக்கு துருவேறி இப்போது ரப்பரோடு ஒட்டிப்போய்விட்டது. புதிதாகக் குடிவருகிறவர்கள் யாரோ மறந்து விட்டுப்போனது என்று நினைப்பார்கள். வெள்ளையடிக்க வந்தவர்கள் அதைத் தூக்கிப்போடப் பார்த்து முதல் மாடி அண்ணாச்சியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். அண்ணாச்சி இந்த மழைக்காலத்தில் இறந்துபோனார். செருப்பை என்ன செய்வது என்று யாரும் பேச்செடுக்கவில்லை. ஆபீஸ் போகும்போது அது இருக்கிறதா என்று பார்க்கிறேன். திரும்பி வரும்போதும் பார்க்கிறேன்.

லேக் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மூன்று மாடிக் கட்டடம் எங்களுடையது. குடியிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர்கள். மாற்றலில் வங்காளத்துக்கு வந்து, இரண்டு வருடத்தில் திரும்பிவிடலாம் என்று நினைத்து, அப்படியே தங்கிப்போனவர்கள். ஒருவர் பேச்சு தஞ்சாவூர், இன்னொருவர் பேச்சு கோயம்புத்தூர். நான் சேலத்துக்காரி. அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகி வந்தபோது என் கணவருக்குக் கிடர்பூர் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை, எனக்கு ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. முதல் மாடியில் அண்ணாச்சியும் அவர் மனைவியும் இருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கம். அவர் துறைமுகத்தில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். இரண்டு பெண்களையும் ஊரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. நான் அண்ணி என்று கூப்பிட்டால் அந்த அம்மாள் திரும்பியே பார்க்க மாட்டார். "மதினின்னு சொல்லு, அப்பத்தான் காது கேக்கும்" என்பார். அண்ணாச்சி என்பது அவருடைய பெயர் என்று நினைத்துக்கொண்டு, தெருவிலிருந்த வங்காளிகள் அதோடு அண்ணனுக்குச் சொல்கிற 'தா'வைச் சேர்த்து 'அண்ணாச்சிதா' என்று கூப்பிட்டார்கள். அண்ணனுக்கு மேல் ஓர் அண்ணன். அவர் அதைத் திருத்தவே இல்லை.

கட்டடத்தின் வாசலில், இழுத்தால் விரிந்து தள்ளினால் மடங்கும் இரும்புக் கம்பிக் கேட் ஒன்று உண்டு. அதன் சாவி அண்ணாச்சியின் அரைஞாண் கயிற்றில் தொங்கும். அந்தச் சில வருடங்கள் அப்படி. சுவரெல்லாம் சிவப்பு எழுத்தில் புரட்சிக் கோஷம். திடீரென்று எங்கோ குண்டு வெடிக்கும், கடைகளின் ஷட்டர்கள் வரிசையாக விழும். சந்து முனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் அடுத்த வாரம் இருக்க மாட்டான். எங்கே என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி கேட்டைப் பூட்டுவார். பூட்டிவிட்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "எல்லாரும் உள்ள வந்தாச்சா?" என்று கேட்பார். வந்தாச்சு என்று சொன்னால்தான் அடுத்த படி ஏறுவார். பூட்டிய பிறகு வருகிறவர்கள் கேட்டை ஆட்ட வேண்டும். அவர் மேலிருந்து, "யாரு? எந்த வீடு?" என்பார். பதில் சொன்னால் இறங்கி வந்து டார்ச்சை முகத்தில் அடித்துப் பார்த்துத் திறப்பார். மூன்றாம் மாடியில் இருந்த கல்யாணமாகாத பையன்கள் அவருக்கு ஜெயிலர் என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அந்தப் பூட்டு விழுகிற சத்தம் கேட்டால்தான் சோறு இறங்கும். கணவருக்கு இரவு ஷிப்ட், இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை.

ஒருநாள் சாயங்காலம் தெரு விளக்குகளை யாரோ உடைத்திருந்தார்கள். அண்ணாச்சி பூட்டிவிட்டு எங்கள் இரண்டாம் மாடி வாசலுக்கு வந்துவிட்டார். நான் பிள்ளையோடு வாசலில் நின்று வந்தாச்சு என்று சொல்லப்போகிறேன், சந்தில் யாரோ ஓடி வரும் சத்தம். அடுத்த நொடி கேட் ஆடியது. படிக்கட்டு முழுக்க அந்த இரும்புச் சத்தம் ஏறி வந்தது. அண்ணாச்சி வழக்கம்போல, "யாரு?" என்றார். பதில் இல்லை. மறுபடியும் ஆடியது. "யாருலே அது? எந்த வீடு?" என்றார். அதற்குள் சந்து முனையில் இன்னும் நிறையக் கால்களின் சத்தம். அவர் படிகளில் இறங்கினார். முட்டி வலிக்காரர், சுவரைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடியும். அவர் கீழே போவதற்குள் எல்லாச் சத்தமும் எங்களைத் தாண்டிப் போய்விட்டது. டார்ச் வெளிச்சத்தில் இந்தச் செருப்பு கிடந்தது, கேட்டுக்கு உள்பக்கம். வந்தவன் கம்பிச் சட்டத்தில் காலை வைத்து ஏறப் பார்த்திருக்கிறான். கால் வழுக்கியதில் செருப்பு மட்டும் கழன்று உள்ளே விழுந்துவிட்டது.

அவன் யார், துரத்தியவர்கள் யார், என்ன ஆனான் என்று எங்களுக்குத் தெரியவே இல்லை. அடுத்த சந்தில் எவராவது கதவைத் திறந்திருக்கலாம். தப்பித்திருக்கலாம். அண்ணாச்சிக்கு அதிலெல்லாம் மனம் நிற்கவில்லை. படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் ஒன்றையேதான் சொன்னார்: "எந்த வீடுன்னு கேட்டேம்மா. அந்தப் பையன் என்னன்னு பதில் சொல்லுவான்?"

மதராஸிகள் கட்டடத்தில் ஒரு செருப்பு இருக்கிறது என்று பேச்சு பரவி, சில நாள் கழித்து ஒரு வங்காளி அம்மாள் வந்தார். என் அம்மா வயது இருக்கும். கசங்கிய வெள்ளைப் புடவை, கையில் குடை. ஜாதவ்பூர்ப் பக்கத்திலிருந்து நடந்தே வந்திருந்தார். அவருடைய மகன் ஒரு வாரமாக வீட்டுக்கு வரவில்லை. அண்ணாச்சி செருப்பை எடுத்து இரண்டு கையிலும் வைத்து நீட்டினார். அந்த அம்மாள் அதை வாங்கித் தரையில் வைத்துக் குனிந்து சாண் போட்டுப் பார்த்தார். திருப்பி ஊக்கைப் பார்த்தார். பிறகு, "நா, நா, ஆமார் சேலேர் நொய்" என்று சிரித்தார். என் பிள்ளையுடையது இல்லை. சிரித்தபடியே அழுதார். மதினி அவரை மேலே கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தார். வங்காளி அம்மாள் அந்தக் கசப்பைக் குடிக்க முடியாமல் குடித்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. போகும்போது கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாச்சியிடம், "கேட் பந்தோ கொரோ நா, தாதா" என்றார். கேட்டை மூடாதீர்கள், அவ்வளவுதான். அண்ணாச்சி தனக்குத் தெரிந்த துறைமுகத்து இந்தியில், "நஹீ கரேகா", மூட மாட்டேன் என்றார்.

அன்றிலிருந்து அவர் கேட்டைப் பூட்டவில்லை. விளக்கு வைத்ததும் இழுப்பார், ஆனால் கடைசிவரை இழுக்க மாட்டார். ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்கு இடம் விட்டுவிடுவார். கட்டடமே சண்டைக்கு நின்றது. போலீஸ்காரர் ஒருவர் வந்து பூட்டும்படி சொல்லிவிட்டுப் போனார். அண்ணாச்சி தலையை ஆட்டினார், பூட்டவில்லை. ஒரு மாதத்துக்குள் படிக்கு அடியில் இருந்த சைக்கிள் களவுபோனது. அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் அவரிடம் போய்க் கத்தினேன்.

"அண்ணாச்சி, யாரோ ஒரு அம்மாவுக்கு நீங்க குடுத்த வாக்குக்கு என் பிள்ளையும் நானும் பயந்து சாகணுமா? நாளைக்குத் திருடன் மாடி ஏறி வந்தா யார் பொறுப்பு?"

அவர் என் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தார். "நான் இங்கதான் இருக்கேன். நீ மேல போ தாயி" என்றார்.

மறுநாள் அவருடைய மடக்குக் கட்டில் கீழே இறங்கியது. படிக்கு அடியில் போட்டுக் கொசுவலை கட்டிக்கொண்டார். குளிர்காலத்தில், வங்காளிகள் போடுகிற குரங்குக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் திருடனே பயந்து ஓடிவிடுவான். மதினி சாப்பாட்டுத் தட்டோடு இறங்கி வரும்போது, "எங்க வீட்டுக்காரவுகளுக்கு வயசான காலத்துல கூர்க்கா வேலை கெடைச்சிருக்கு. சம்பளந்தான் இன்னும் பேசல" என்பார். மூன்றாம் மாடிப் பையன்கள், "என்ன ஜெயிலர், உங்களையே உள்ள போட்டுட்டாங்களா?" என்று கேட்பார்கள். அவர், "ஆமாடே, நீங்க எல்லாம் வெளிய சுத்துனா யாராவது உள்ள இருக்கணும்லா" என்பார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அன்று கத்தியது தவறு என்று இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு திறந்த கேட்டுக்கு மேலே இருந்தவளுக்குத்தான் அது தெரியும். ஆனாலும், அவர் அங்கே இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் தூங்கினேன். அதையும் சொல்ல வேண்டும்.

வருடங்கள் போகப் போகத் தெரு அமைதியானது. கட்டில் மேலே போய், ஒரு மர ஸ்டூல் வந்தது. கடைசி ஆள் வரும்வரை அதில் உட்கார்ந்திருப்பார். பூஜை நாட்களில் பந்தல் பார்த்துவிட்டு எல்லோரும் நேரம் கழித்து வருவார்கள், அவருக்குப் பெரிய அவஸ்தை. தெருப் பையன்கள் அவருடைய ஒரு வாக்கியத் தமிழைக் கற்றுக்கொண்டு, கேட்டைத் தாண்டும்போது, "அண்ணாச்சிதா, எல்லாரும் உள்ள வந்தாச்சா?" என்று கூவிவிட்டு ஓடுவார்கள். என் மகன் அவரை 'அண்ணாச்சி ஜேட்டு' என்பான், பெரியப்பா என்ற அர்த்தத்தில். அவனுக்குத் தமிழைவிட வங்காளம்தான் நன்றாக வரும். மதினி மூன்று நாள் காய்ச்சலில் போனார். எரியூட்டிவிட்டு வந்த ஈர வேட்டியோடு அண்ணாச்சி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். இன்றைக்காவது மேலே வாருங்கள் என்று என் கணவர் கூப்பிட்டதற்கு, "அவ போயிட்டா. மத்தவுக வரணும்லா" என்றார். இந்த மழையில் சந்தில் முழங்கால் தண்ணீர் நின்றபோது அவருக்கு மூச்சிரைப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் பார்க்கப் போன அன்று, "பையன் வந்துட்டானா?" என்று கேட்டார். எந்தப் பையனைக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. வந்துட்டான் அண்ணாச்சி என்று சொன்னேன். அதற்கு அடுத்த நாள் இறந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கட்டடக் கமிட்டி புதுப் பூட்டு வாங்கியது. விளக்கு வைத்ததும் பூட்டு, சாவி மூன்றாம் மாடி செக்ரட்டரியிடம். நானும் சரி என்று கை தூக்கினேன்.

போன வாரம் மின்சாரம் போயிருந்தது. என் மகன் இப்போது ஜாதவ்பூரில் படிக்கிறான். அங்கே ஏதோ ஊர்வலம், பஸ் ஓடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் ரேடியோவில் கேட்டுச் சொல்லியிருந்தார். கணவர் ஷிப்டில் இருந்தார். நான் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு சமையலறைக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அப்போது கேட் ஆடியது. அதே சத்தம் படி ஏறி வந்தது. மேலே ஓடி செக்ரட்டரி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் இருட்டில் சாவியைத் தேடினார். மறுபடியும் ஆடியது. சாவியை வாங்கிக்கொண்டு கீழே ஓடியபோது கேட்டில் யாரும் இல்லை. சந்தில் யாரும் இல்லை. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். எத்தனை முறை என்று தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவன் டீக்கடைப் பக்கமிருந்து ஒரு பிஸ்கட்டைத் தின்றபடி வந்தான். ஏன் கத்துகிறாய் என்பதைப் பாதி வங்காளத்தில் கேட்டான்.

"மா, ஏன் இப்படிச் சில்லாற? வந்தேன், கேட் பந்தா இருந்துச்சு. யாரும் வரல, டீ குடிக்கப் போயிட்டேன்."

அவனை அறைந்துவிட்டேன். என்னைவிட ஒரு முழம் உயரமானவனை. பிறகு அவனுடைய இரண்டு கால்களையும் பார்த்தேன். இரண்டிலும் செருப்பு இருந்தது.

அதற்குப் பிறகு எனக்கு நிலைகொள்ளவில்லை. இதை எழுதும்போது அவன் பக்கத்து அறையில்தான் இருக்கிறான். இருந்தும் இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். செக்ரட்டரியிடம் பேசிப்பார்த்தேன். "திருடன் வந்தா யாருங்க பொறுப்பு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை எனக்குத் தெரியும், பதிலையும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். இனி நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சாவியைக் கேட்டு வாங்கி வந்தேன்.

நேற்று சாயங்காலம் கேட்டை இழுத்தேன். ஓர் ஆள் நுழையும் இடம் விட்டு நிறுத்திவிட்டு ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டு உட்கார்ந்தேன். கொசு பிடுங்கியது. எதற்காக இப்படி உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே கோபம் வந்தது. முதல் மாடியில், அண்ணாச்சி இருந்த வீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் கைக்குழந்தையோடு படியில் எட்டிப் பார்த்தாள். மதுரைப் பக்கம். கணவனுக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"அக்கா, கேட் தொறந்து கெடக்கே. அவரு வர நேரமாகும், புள்ளைய வச்சுக்கிட்டு எனக்குப் பயமா இருக்கு."

"நான் இங்கதான் இருக்கேன். நீ மேல போம்மா" என்றேன்.

அவள் போகவில்லை. என்னை நம்பலாமா என்பதுபோல் அங்கேயே நின்றாள். அப்போது என் மகன் வந்தான். தோள்பையை முன்னால் தள்ளிக்கொண்டு அந்த இடைவெளியில் பக்கவாட்டாக நுழைந்து, என்னைப் பார்த்து நின்றான். "வந்தாச்சுல்ல, மூடிட்டு வா மேல" என்றான். நீ போ, வருகிறேன் என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு படியேறினான். நான் மீட்டர்ப் பெட்டிகளுக்குக் கீழே பார்த்தேன். செருப்பு அங்கேயே இருந்தது. கேட்டை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.