பாவுக்கு வைத்த கஞ்சி

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆரணியில், படித்த மனிதர்கள் ஏழெட்டு பேர் சேர்ந்து ஒரு பட்டுப்புடவையின் காலை ஆகாரத்தைக் குடித்துவிட்டார்கள். தடுக்க முடியாத தூரத்தில் நானும் இருந்தேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை.

என் அண்ணன் மகள் நிவேதா சென்னையில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு வந்து, ஊரில் ‘ஃபுட் வாக்’ ஆரம்பித்திருக்கிறாள். வெளியூர்க்காரர்களை அழைத்துக்கொண்டு தெருத்தெருவாக நடப்பது, நிற்கிற இடத்தில் எல்லாம் சாப்பிடுவது. இதற்கு ஒரு டூரா?

“அத்தை, நீங்க செஞ்சா அது வெட்டியா சுத்தறது. கைடு வச்சிகினு செஞ்சா டூர்” என்றாள்.

அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார் — முதல் டூரில் நல்ல பேர் வாங்கவில்லை என்றால் மறுபடி சென்னை, மறுபடி கம்ப்யூட்டர். பாவம், குழந்தை தூங்கவே இல்லை. துணைக்கு நானும் ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கோட்டை மைதானத்தில் ஆரம்பம். ஒரு மெஸ்ஸில் இட்லி, வடகறி. அடுத்தது நெசவாளர் தெருவில் மல்லிகா வீட்டு நொய்க்கஞ்சி. அதற்கப்புறம் பிரியாணி. மல்லிகா கஞ்சியைத் தட்டு போட்டு மூடி வாசலில் வைத்திருப்பார், நாமே மொண்டு குடித்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. நிவேதா எல்லோர் கையிலும் ஒரு பேப்பர் கப், நாலு சின்ன வெங்காயம் கொடுத்திருந்தாள்.

தெருமுனையில் ஒரு அம்மாவுக்குச் செருப்பு அறுந்தது. நானும் நிவேதாவும் அவரோடு நின்றோம். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் வெங்காயம் கடித்துக்கொண்டிருந்தார்கள். தொப்பி போட்ட ஒருவர் இரண்டாவது கப் மொண்டுகொண்டிருந்தார். குண்டானில் அடி தெரிந்தது. எல்லாம் சரி... வீடுதான் வேறு! மல்லிகா வீடு அதற்கு அடுத்தது. அங்கே மூடிய பானை மூடியபடியே இருந்தது.

உள்ளேயிருந்து வள்ளி வந்தார். அது அவர் வீடு. குண்டானைப் பார்த்தார், கப்புகளைப் பார்த்தார்.

“யாருங்க இத்த எடுத்தது? இது குடிக்கிற கஞ்சி இல்லீங்க. பாவுக்குப் போடறது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, இளவெயிலில் காயவைப்பார்கள். அதுதான் பாவு. கஞ்சி பிடிக்காத நூல் தறியில் அறுந்துகொண்டே இருக்கும். அந்தப் பாவு அவர்கள் கண்ணெதிரே அரக்கு நிறத்தில் பளபளவென்று நீண்டுகிடந்தது. அதைத்தான் விதவிதமாக போட்டோ எடுத்திருந்தார்கள். எடுத்துவிட்டு, அதன் கஞ்சியை ஆளுக்கொரு கப் ஊற்றிக்கொண்டார்கள்.

தொப்பிக்காரர் சாக்கடைப் பக்கம் ஓடினார். “இதுல கெமிக்கல் ஏதாவது போட்டிருக்கா?” என்று ஒரு பெண் கேட்டார்.

“தெரியலீங்களே. காச்சினது எங்க வூட்டுக்காரர். சேவூர் போயிருக்காரு.”

வள்ளி போன் போட்டார். மணி அடிக்கிறது, அடிக்கிறது... எடுக்கவில்லை. எனக்குத் தெரிந்த தெய்வங்களின் பெயர்கள் எல்லாம் தீர்ந்துபோயின. மறுபடி போட்டபோது எடுத்தார். வள்ளி ஸ்பீக்கரில் வைத்தார்.

“அரிசியும் ரெண்டு சொட்டு நல்லெண்ணெயும்தாம்மா. ஏன், பாவு இன்னா ஆச்சு?”

எல்லோருக்கும் மூச்சு வந்தது. எனக்கு மட்டும் சுருக்கென்றது. அத்தனை பேர் அங்கே நிற்கிறோமே, பாவு என்ன ஆச்சு என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை!

வள்ளி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெயில் ஏறிகினு இருக்குது. இனிமே உலை வச்சி, வடிச்சி... அதுக்குள்ள பாவு காஞ்சி முறுகிடும். கல்யாணத்துக்குச் சொன்ன பொடவைங்க.”

நிவேதா குண்டானைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடினாள். யாராவது சோறு வடித்திருக்க மாட்டார்களா? இங்கேதான் எனக்கு அடுத்த அதிர்ச்சி. ஆரணி என்றாலே அரிசி. ஊர் உலகத்துக்கே மூட்டை மூட்டையாக அனுப்புகிறோம். ஆனால் அந்தத் தெரு முழுக்க ஒரு டம்ளர் வடிகஞ்சி இல்லை. எல்லா வீட்டிலும் குக்கர். மல்லிகாவின் நொய்க்கஞ்சியிலோ மோர் கலந்தாகிவிட்டது.

“அத்தை, மெஸ்ஸுல மதியத்துக்கு வடிப்பாங்க. சாவி குடுங்க.”

“மேடம், பிரியாணி?” என்றார் தொப்பிக்காரர், வாயைத் துடைத்துக்கொண்டே.

நான் அவள் காதில் சொன்னேன் — இவர்களை முதலில் பிரியாணிக்குக் கூட்டிப்போ, உன் பிழைப்பைப் பார். நான் சொன்னதில் தப்பு உண்டா? வீட்டில் அவள் அப்பா வேறு காத்திருக்கிறார்.

“பிரியாணி லேட்டாகும் சார். மன்னிச்சிக்குங்க. நம்ம குடிச்சது இவங்க கஞ்சி” என்றாள். ஸ்கூட்டர் பறந்துவிட்டது.

அதற்குள் அக்கம்பக்கத்தார் பழைய வேட்டிகளையும் போர்வைகளையும் கொண்டுவந்து பாவுக்குமேல் நிழல் பிடித்தார்கள். செருப்பு அறுந்த அம்மா வெறுங்காலோடு ஒரு முனையைப் பிடித்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். தொப்பிக்காரர் அந்த நிழலில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

நிவேதா தூக்குவாளி நிறைய கஞ்சியோடு வந்தாள். வள்ளி அதைத் துணியில் வடிகட்டி, தண்ணீர் விட்டு ஆற்றி, எண்ணெய் கலந்து தடவ ஆரம்பித்தார். கடைசி இழை வரை கைவைத்துப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். “பொழச்சிகிச்சி” என்றார். நிவேதா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

சாயங்காலம் ரிவ்யூ வந்தது. தொப்பிக்காரர் எழுதியது. ஒரே ஒரு ஸ்டார்: ‘பிரியாணி தாமதம். கஞ்சியில் உப்பே இல்லை.’

நடந்ததை எல்லாம் அண்ணனிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன். அவர் அதை இரண்டு தரம் படித்தார். போனை நிவேதாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, “அடுத்த டூரு எப்போ?” என்று மட்டும் கேட்டார்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் பெரியவர்கள்... தொப்பிக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, அவருக்கு யாரும் உப்பே போடவில்லையே!