நிறம் வராத மோமோ

மோமோ வேகவைக்கிற அலுமினியப் பாத்திரம் எங்கள் பேக்கரிக்கு வந்த அன்று, அதைப் போர்மாவுக்குள் விடமாட்டேன் என்று வாசலை மறித்து நின்றவன் நான். போர்மா என்றால் பேக்கரியின் பின்பக்கம் ரொட்டியும் கேக்கும் வேகிற சூளை அறை. குன்னத்துகால் பக்கம் உள்ள அந்தச் சின்னப் பேக்கரியின் போர்மாவில்தான் என் பாதி ஆயுசு போனது. இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் மோமோவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பப்ஸ் எப்படிப் போடுவது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. சரி, கேட்டதையே சொல்கிறேன்.

1. வாசலில் நடந்த சண்டை

முதலாளி எஸ்தர் அக்கா. கணவர் இறந்தபிறகு கடையைத் தனியாகத் தாங்கியவர். குரல் உயர்த்தமாட்டார், ஆனால் சொன்னதை மாற்றவும் மாட்டார்.

"தாசா, மாறி நில்லு. பாறசாலையிலயும் வெள்ளறடையிலயும் இதுக்கு பிள்ளையளு வரிசையில நிக்குது. நம்மக்க பப்ஸு சாயங்காலம் வர கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்து நம்மளப் பாத்துக்கிட்டிருக்கு."

"ஆவியில வேகுதத நம்ம ஏன் விக்கணும் அக்கா? அது கொழுக்கட்ட அல்லியா?"

"கொழுக்கட்டையின்னே வச்சுக்க. இது ஓடுனா போர்மாவும் உண்டு, உனக்கு வேலையும் உண்டு. ஓடல்லேங்கி கடமுறிய ஜஸ்டினுக்கு விட்டுக் குடுத்திருவேன். அறுப்புப் பண்டிக கழிஞ்சு முடிவு சொல்லுதேன்னு அவனுக்கிட்ட சொல்லியாச்சு."

ஜஸ்டின் பக்கத்து மொபைல் கடைக்காரன். நல்ல பையன்தான். கடையைப் பெரிதாக்க எங்கள் கடைமுறியை, அதாவது கடை அறையைக் கேட்டிருந்தான். அவனுக்கு அறை போனால் போர்மாவை இடிப்பார்கள். நான் வாசலை விட்டு விலகினேன்.

2. கற்றுக்கொண்ட விதம்

போர்மாக்காரனுக்குக் கண்ணில்தான் வேக்காடு. ரொட்டியின் மேல்தோல், கேக்கின் ஓரம், பப்ஸின் அடுக்கு, எதுவானாலும் நிறம் வந்தால் எடுப்போம். மோமோவுக்கு நிறம் வராது. எத்தனை நேரம் வைத்தாலும் வெள்ளை வெள்ளையாகவே உட்கார்ந்திருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. பப்ஸுக்குத் தடவுகிற மாதிரி முட்டையை அடித்து மேலே தடவி ஆவியில் வைத்தேன். மூடியைத் திறந்தால் மஞ்சள்காமாலை வந்த பலகாரம் மாதிரி இருந்தது.

என்னோடு வேலை செய்த லிஸி பொழியூர்க் கடற்கரைக்காரி. பப்ஸுக்கு மசாலா வைத்து மடிக்கிறவள். அதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பு தெருவரை கேட்டது.

"அண்ணா, இதுக்கு மேக்கப் வேண்டாம். வீடியோவில பாத்தேன். ஈர விரலால தொட்டுப் பாக்கணும். ஒட்டல்லேங்கி வெந்தாச்சு."

இரண்டு பேரும் கெடுத்துக் கெடுத்துத்தான் படித்தோம். மைதாவில் உப்பும் துளி எண்ணெயும் போதும். பழக்கதோஷத்தில் நான் பப்ஸ் மார்ஜரினைச் சேர்த்தேன், தோல் பிசுபிசுத்துப் பிய்ந்தது. பிசைந்த மாவை ஈரத்துணி போட்டு மூடி வைக்கவேண்டும். வட்டமாகத் தேய்த்துப் பரத்தும்போது ஓரம் மெலிசாகவும் நடு கொஞ்சம் கனமாகவும் இருக்கவேண்டும். முட்டைக்கோஸைப் பொடியாக அரிந்து, உப்புப் போட்டு, தண்ணீரை இறுக்கிப் பிழிந்துவிட்டுத்தான் கொத்திய கோழிக்கறியோடு சேர்க்கவேண்டும். பிழியாவிட்டால் அந்தத் தண்ணீரே தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மடிப்பு வைப்பதில் லிஸியை மிஞ்ச ஆளில்லை. வற்றல் மிளகாயும் தக்காளியும் பூண்டும் அரைத்த சட்னி மட்டும் எனக்கு முதல் நாளே கைவந்தது. மரச்சீனிக் கிழங்குக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்மந்தி என்கிற துவையல் அரைத்த வீட்டில் பிறந்தவனுக்கு அது பெரிய காரியமா?

3. ஆறிப்போன காணிக்கை

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ சபைகளில் ஒரு வழக்கம் உண்டு. வாழையோ, மரச்சீனியோ, கோழியோ, புதிதாக எது விளைந்தாலும் அறுப்புப் பண்டிகை அன்று முதல் பங்கு கோயிலுக்கு. ஆராதனை முடிந்து அதையெல்லாம் முற்றத்தில் ஏலம் விடுவார்கள். எங்கள் கடையிலிருந்து வருஷந்தோறும் ஒரு பிளம் கேக் போகும். இந்தத் தடவை மோமோ போகவேண்டும், அதற்கு முன்னால் ஒன்றுகூட விற்கக்கூடாது என்று அக்கா சொல்லிவிட்டார்.

காலையிலேயே வேகவைத்து, தட்டில் அழகாக அடுக்கி, ஆராதனை தொடங்கும் முன் பீடத்தின் முன்னால் கொண்டு வைத்தோம். கேக்கை அப்படித்தான் வைப்போம். கேக்குக்குப் பிரசங்கம் எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. மோமோவுக்கு உண்டு என்பது அக்காவுக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஏலம் விளிக்கிறவர் செல்லையன் மாமா. பூசணி, சேவல், பலாப்பழம் எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகப் போயின. எங்கள் தட்டு வந்தது. மாமா ஒரு மோமோவைப் பிடித்துத் தூக்கினார். தட்டிலிருந்த மொத்தமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மேலே வந்தது.

"எலே, இது ஒண்ணா, பலதா?"

முற்றம் முழுக்கச் சிரித்தது.

"செரி, யாரு விளிக்குதிய?"

"வேகாத மாவாக்கும்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஜஸ்டின் அக்காவைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான். அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. நெஞ்சு பொறுக்கவில்லை எனக்கு.

"மாமா, அந்தத் தட்ட இஞ்ச தாருங்க," என்று வாங்கிக்கொண்டு முற்றத்து ஓரத்தில் பெண்கள் சங்கத்தார் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த அடுப்புக்கு நேராகப் போனேன். லிஸி பின்னாலேயே ஓடி வந்தாள். கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பாதி கிழிந்தது.

"பொட்டிப் போச்சே அண்ணா!"

"பொட்டட்டும். மாவு மூடிக்கும்."

வாழைக்காய்க்குக் கரைத்து வைத்திருந்த கடலைமாவில் முக்கி எண்ணெயில் போட்டேன். அதன்பிறகு எனக்குத் தெரிந்த வேலை. நிறம் வந்தது. அடுப்படியிலேயே பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். தட்டை மறுபடி மாமாவின் கையில் கொடுத்தபோது, முதலில் சிரித்தவர்களே போட்டி போட்டு விளித்தார்கள். கடைசியில் எடுத்தது யார் என்கிறீர்கள்? ஏலம் விளித்த செல்லையன் மாமாவேதான். ஒன்றைக் கடித்து, கண்ணை மூடித் திறந்தார்.

"கொள்ளாம் மக்களே, நல்லா இருக்கு! எஸ்தரே, இது உனக்க கடையில நாளைக்கு உண்டா?"

"உண்டு மாமா," என்றார் அக்கா. சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. அது சந்தோஷக் கண்ணீர்தான்.

4. திங்கட்கிழமை

மறுநாள் சாயங்காலம் கடை முன்னால் ஆள் நின்றது. மோமோ பஜ்ஜி கேட்டு வந்தவர்களுக்கு அக்கா முதலில் ஆவி பறக்க ஒரு வெள்ளை மோமோவைச் சும்மா கொடுத்தார். தின்றவர்கள் அதையும் வாங்கினார்கள். ஜஸ்டினும் முடிவு கேட்க வந்தான். அக்கா அவன் கையில் ஒரு தட்டை வைத்தார்.

"ஆறுததுக்கு முன்ன தின்னு மக்கா. முறியப் பத்தி இனி கேக்காண்டாம்."

அவன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "தாசண்ணா, இது வெள்ளையா இருக்கே. நேத்து மாதிரி நிறம் வந்தது இல்லியா?"

"நிறத்தில என்ன இருக்கு? கைய நனச்சுத் தொட்டுப் பாரு. ஒட்டுதா?" என்றேன் நான், கொஞ்சம் கோபமாகவே.

உள்ளே லிஸி சிரிக்க ஆரம்பித்தாள். அக்காவும் சேர்ந்துகொண்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

பிள்ளைகளே, இதுதான் நான் படித்த பாடம். ஒவ்வொரு பலகாரத்துக்கும் வேக்காடு சொல்ல அதற்கென்று ஒரு வழி உண்டு. நம்முடைய வழியை அதன்மேல் பூசக்கூடாது. ஆவியில் வேகிறதை ஆவியோடு கொடுங்கள். தப்பித்தவறி ஆறிப்போனால் பயப்படாதீர்கள், பக்கத்தில் ஒரு பஜ்ஜி அடுப்பு இருக்கும்.

போர்மா இன்றைக்கும் எரிகிறது. அந்த அலுமினியப் பாத்திரத்தை அந்த அறைக்குள்தான் வைத்திருக்கிறோம்.